சென்ட்ரலில் உட்கார்ந்து வரைகிறவர்கள்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் மடியில் ஸ்கெட்ச் நோட்டை வைத்துக்கொண்டு பயணிகளை வரையும் மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. சென்ட்ரலும் எழும்பூரும் அதற்குப் பக்கம் என்பதால், பல தலைமுறை மாணவர்களுக்கு அவை இன்னொரு வகுப்பறை. மாடலுக்குப் பணம் தர வேண்டாம், ஆட்களுக்கும் பஞ்சமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. வரையும்போது கண்ணும் நினைவும் கையும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றனவோ, அந்த இயக்கத்தையே நேராகப் பழக்குகிற இடம் ரயில் நிலையம். கல்லூரிப் பக்கம் போகாதவருக்கும், பஸ்ஸுக்காக நிற்கும் பத்து நிமிடத்தில் அந்தப் பழக்கம் கிடைக்கும்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் சுமார் 2 பாகை. விழித்திரையின் நடுக்குழி துல்லியமாகப் பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவு பரப்பைத்தான். அதைத் தாண்டியதெல்லாம் விலக விலக மங்கல். ஆகவே கண் நொடிக்கு மூன்று முறைபோல இடம் மாறித் தாவிக்கொண்டே இருக்கிறது. முழு ஆளையும் ஒரே பார்வையில் தெளிவாகப் பார்த்துவிட்டதாக நமக்குத் தோன்றுவது, மூளை துண்டுகளை ஒட்டித் தரும் தோற்றம்.

வரைகிறவருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. காகிதத்தைப் பார்க்கக் குனிந்ததுமே எதிரில் இருப்பவர் பார்வையிலிருந்து போய்விடுகிறார். ஆள் கண்முன்னே இருந்தாலும், கை போடும் கோடு நினைவிலிருந்துதான் வருகிறது. பார்த்ததைச் சற்று நேரம் தாங்கும் குறுகிய கால நினைவோ உள்ளங்கையில் அள்ளிய தண்ணீர்தான்: ஒரு நேரத்தில் மூன்று, நான்கு விவரங்களுக்கு மேல் நிற்பதில்லை, அவையும் சில நொடிகளில் கலங்கிவிடும். ஒருவரின் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு நிமிடம் குனிந்து வரைந்தால், அந்தப் படத்தில் பாதி நம் கற்பனைதான்.

2005இல் டேல் கோஹன் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார். துல்லியமாக வரைபவர்கள் பொருளுக்கும் காகிதத்துக்கும் இடையே அடிக்கடி பார்வையை மாற்றுகிறார்கள் என்பது தெரிந்தது. பார்வை மாற்றும் வேகத்தை வேண்டுமென்றே குறைக்கச் செய்தபோது படத்தின் துல்லியமும் குறைந்தது. பிரிட்டிஷ் ஓவியர் ஹம்ஃப்ரி ஓஷன் உருவப்படம் வரைகையில் அவருடைய கண்ணும் கையும் அசைவதைப் பதிவு செய்த ஆய்வு 2001இல் வெளியானது. அவரும் ஒரு சிறு விவரத்தை எடுப்பார், காகிதத்தில் இறக்குவார், அடுத்ததற்குப் போவார். கொஞ்சம் பார்ப்பது, அதையும் அடிக்கடி பார்ப்பது. வரைதலின் அடிப்படைச் சுழற்சி இதுதான்.

இந்தச் சுழற்சியை ரயில் நிலையம் வற்புறுத்திக் கற்பிக்கிறது. டிக்கெட் கவுன்ட்டர் வரிசையில் நிற்கும் ஒருவர் எப்போது நகர்வார் என்று தெரியாது. சட்டையின் கட்டங்களை வரைய நேரமில்லை. எதை முதலில் எடுப்பது? எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதை. வலது காலை ஊன்றி நிற்பவரைக் கவனியுங்கள். வலது இடுப்பு மேலே ஏறியிருக்கும். அதை ஈடுகட்ட வலது தோள் தாழ்ந்திருக்கும். இடது முழங்கால் தளர்ந்து மடிந்திருக்கும். கழுத்துக் குழியிலிருந்து தூக்குநூல் விட்டதாக நினைத்துக்கொண்டால், அது ஊன்றிய பாதத்தின் அருகில் வந்து விழும். இடுப்புச் சரிவுக்கு ஒரு கோடு, தோள் சரிவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கோடு, கழுத்திலிருந்து பாதத்துக்கு ஒரு கோடு. மூன்றே கோட்டில் ஆள் நின்றுவிடுவார். குறுகிய கால நினைவுக்கும் அதே மூன்றுதான் கொள்ளும். பழகப் பழக அந்தக் கொள்ளளவு பெரிதாவதில்லை. தோளும் இடுப்பும் காலும் சேர்ந்து ‘ஒற்றைக்காலில் நிற்பவர்’ என்ற ஒரே விவரமாகிவிடுகின்றன; அதனால் மிச்ச இடம் கைக்கும் பைக்கும் கிடைக்கிறது.

அவர் காலை மாற்றிவிட்டால் பதற வேண்டாம். பக்கத்திலேயே இன்னொரு உருவத்தைத் தொடங்குங்கள். காத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நிலைகளுக்குள்தான் மாறி மாறி வருவார்கள். சற்று நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். அப்போது விட்ட படத்தைத் தொடரலாம்.

கண் பார்த்ததை மூளை திருத்திவிடுவதும் உண்டு. தூரத்தில் இருப்பவர் விழித்திரையில் சிறிதாக விழுந்தாலும், அவரும் நம் உயரம்தான் என்பது மூளைக்குத் தெரியும். ஆகவே புதிதாக வரைபவர் அவரைப் பெரிதாகவே போட்டுவிடுவார். பிளாட்பாரத்தில் இதற்கு எளிய மருந்து இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால், உங்கள் கண்மட்டக் கோடு நிற்கும் பெரியவர்களை நெஞ்சுக்குக் கீழே ஓரிடத்தில் வெட்டும். அருகில் இருப்பவரையும், பிளாட்பாரத்தின் கோடியில் விரல்நகம் அளவே தெரிபவரையும், ஏறக்குறைய அதே இடத்தில் வெட்டும். எழுந்து நின்றால் அந்தக் கோடு எல்லோருடைய தலைகளையும் ஒட்டி ஓடும். பக்கத்தின் குறுக்கே அந்தக் கோட்டை முதலில் இழுத்துவிடுங்கள். கூட்டம் தானாக அதில் கோத்துக்கொள்ளும்.

பால்பாயின்ட் பேனாவும் சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டும் போதும். ரப்பர் வேண்டாம், அழிக்கும் நேரத்தில் இன்னொருவரைப் பார்த்துவிடலாம். யாராவது சங்கடப்படுவதாகத் தெரிந்தால் உடனே வேறு பக்கம் திரும்புங்கள். நமக்குப் பயிற்சி என்பதற்காக அவருக்குத் தொல்லை தரும் உரிமை நமக்கில்லை.

பத்துப் பத்து நிமிடமாகப் பழகி என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். பயிற்சியைப் பிரித்துச் செய்தால் நன்றாகப் பதியும் என்பது உளவியலில் 1885 முதல், எபிங்ஹாஸின் நினைவாற்றல் சோதனைகளிலிருந்து தொடரும் முடிவு. கைத்திறனுக்கும் அது பொருந்துகிறது. பிரிட்டனில் தபால்காரர்களுக்கு விசைப்பலகை கற்பித்த ஆய்வொன்றை பேட்லி, லாங்மன் இருவரும் 1978இல் வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். நாட்கள் கூடுதலாகப் பிடித்தன என்பது உண்மைதான். ஆனால் தங்கள் பயிற்சி முறை குறித்து மிகக் குறைவாகத் திருப்தி அடைந்ததும் அதே ஒரு மணி நேரக் குழுதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும்போது அன்றாட முன்னேற்றம் கண்ணுக்குப் படாமல் போகலாம். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி போட்டுவைக்கச் சொல்கிறேன். நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. ஆடி மாதப் பக்கத்தையும் ஐப்பசி மாதப் பக்கத்தையும் அருகருகே வைத்து, இடுப்புச் சரிவும் தோள் சரிவும் எதிரெதிராக விழுந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.