கைக்கு எட்டாத ஸ்வரம்: பழைய ஜெர்மன் பேஸ் டிராம்போன்

டிராம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியத்தில் விரல் வைத்து மூடத் துளைகள் கிடையாது. உதட்டின் இறுக்கத்தை மாற்றுவதோடு, ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்களை முன்னும் பின்னும் தள்ளித்தான் ஸ்வரத்தை மாற்ற வேண்டும். ‘யு’ வடிவிலான இந்த ஸ்லைடை ஒரு செ.மீ. தள்ளினால், அதன் இரண்டு கால்களும் நீள்வதால், உள்ளே காற்று ஓடும் பாதை இரண்டு செ.மீ. கூடும். அரை ஸ்வரம் கீழே இறங்க மொத்த நீளத்தில் சுமார் 6 சதவீதம் கூட்ட வேண்டும். ஸ்லைடு தரவேண்டிய ஆறு அரை ஸ்வரங்களுக்கும் சேர்த்து 41 சதவீதம்.

நடுத்தர ஸ்தாயிக்கான டெனர் டிராம்போன் பி-பிளாட் சுருதி. அதன் குழாய் நீளம் சுமார் 2.7 மீட்டர். கணக்குப் போட்டால் ஸ்லைடு 56 செ.மீ. வெளியே போனால் போதும், கை எட்டிவிடும். பழைய ஜெர்மன் பேஸ் டிராம்போனோ அதைவிடத் தாழ்ந்த எஃப் சுருதி. நீளம் 3.6 மீட்டர், ஸ்லைடு 75 செ.மீ. போயாக வேண்டும். அவ்வளவு நீளக் கை யாருக்கு இருக்கிறது? ஸ்லைடின் குறுக்குக் கம்பியில் அசையும் மூட்டோடு ஒரு கைப்பிடியைப் பொருத்தினார்கள். எட்டாத தூரத்தை அந்தப் பிடி எட்டியது. ஆனால் வேகமாக வாசிக்க வேண்டிய இடத்தில் அது பெரும்பாடுதான்.

1839-இல் லைப்சிக் நகரத்துக் கிறிஸ்டியான் ஃபிரீட்ரிஷ் சாட்லர் வேறு வழி பிடித்தார். டெனரின் நீளத்தையே வைத்துக்கொண்டு, பின்பக்கம் சுமார் 90 செ.மீ. கூடுதல் குழாயைச் சுருட்டி வைத்தார். இடது கட்டைவிரலால் வால்வை அழுத்தினால் காற்று அந்தச் சுருளையும் சுற்றிவரும். வாத்தியம் எஃப் சுருதிக்கு இறங்கிவிடும். குழாயின் உள்விட்டத்தையும் அவர் அகலமாக்கினார். பலமாக ஊதும்போது, ஒரே அகலமுள்ள நீண்ட குழாயில் ஓடும் ஒலியலையின் முன்பக்கம் போகப்போகச் செங்குத்தாகும். டிராம்போனின் அந்தப் பளீர் சத்தம் பிறப்பது இதனால்தான். குழாய் அகலமானால், அதே சத்த அளவில் அலை அவ்வளவு செங்குத்தாவதில்லை. அடர்ந்த, கனத்த நாதம் கிடைக்கும்.

வேலைப்பாட்டில் என்னை அசத்துவது, குழாயின் முனையில் மணிபோல விரியும் மணிவாய்தான். பித்தளைத் தகட்டை வெட்டி, ஒரு விளிம்பில் பல் பல்லாகக் கத்தரித்து, மறு விளிம்போடு கோத்துப் பற்றவைப்பார்கள். பிறகு இரும்பு அச்சில் ஏற்றிச் சுத்தியலால் அடிப்பார்கள். அடிக்க அடிக்கப் பித்தளை விறைத்துப்போகும். நெருப்பில் காட்டி இளக்கிவிட்டு மறுபடி அடி. வளைக்க வேண்டிய குழாயில் ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள், வளைவில் நசுங்காமல் இருக்க. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகும். பித்தளை உருக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே வளைத்தபின் சூடாக்கினால் ஈயம் மட்டும் வழிந்து வந்துவிடும்.

இப்படி அடித்த தகடு மிக மெல்லியது. பித்தளை அண்டாவின் வாயில் கம்பி வைத்துச் சுருட்டுவதுபோல இங்கும் விளிம்பில் கம்பி உண்டு. அதற்கு மேலும், வாயைச் சுற்றி ஒரு தனிப் பட்டை. ஜெர்மானியர்கள் அதை ‘கிரான்ஸ்’ என்பார்கள். பெரும்பாலும் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த நியூசில்வர் உலோகம். பெயரில் மட்டும்தான் வெள்ளி. பார்க்க அலங்காரம், ஆனால் வாய் ஒடுங்காமல் தாங்குவதும் அதுதான். பின்பக்க வளைவில் ஒட்டியிருக்கும் பாம்பு உருவங்களை மட்டும் அழகுக்கென்றே எண்ணத் தோன்றுகிறது.

சரி, சாட்லரின் வால்வு எல்லாவற்றையும் தீர்த்ததா? இல்லை. வால்வை அழுத்தினால் குழாய் நீள்கிறது, ஒவ்வொரு ஸ்வரத்துக்குமான இடைவெளியும் கூடவே நீள்கிறது. முழுக்க உள்ளே தள்ளிய நிலையும் ஆறு அரை ஸ்வரங்களுமாக ஏழு இடங்கள் கொண்ட ஸ்லைடில் ஆறுதான் தேறும். அதனால் கீழே ஒரே ஒரு ஸ்வரம், பி, விட்டுப்போகிறது. அது தேவைப்பட்டால் வால்வுச் சுருளின் சிறு குழாயை முன்கூட்டியே வெளியே இழுத்து, எஃப் சுருதியை ஈ சுருதிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.