செத்தவருக்கு எதற்கு வாசல்?

திருப்பூரில் பனியன் அடுக்கும் அட்டைப்பெட்டியை டேப் ஒட்டாமல் மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு மடிப்பையும் ஒன்றின் கீழ் ஒன்றாகச் செருகிவிட்டால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். கிட்டத்தட்ட இதே யுக்தியில்தான் கொடுமணல்காரர்கள் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கல்லறை கட்டினார்கள்.

கொடுமணல், சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கிறது. 1985 முதல் பல முறை அகழாய்வு நடந்த ஊர். இரும்பு உருக்கியதும் கல்மணி கடைந்ததும் எல்லோரும் எழுதுகிற விஷயம். எனக்குப் பிடித்தது அங்குள்ள கற்பதுக்கை, அதாவது கற்பலகைகளால் பெட்டி போலக் கட்டிய கல்லறை.

குழி தோண்டி நான்கு கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகம் போலத் தெரியும். பிறகு வெளிப்புறம் மண் நிரப்பினால், மண் பலகைகளை உள்ளே தள்ளும். ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்துப் பலகையில் முட்டி நிற்பதால் எதுவும் உள்ளே சாயாது. சாய்க்க வேண்டிய பாரமே பூட்டாகிவிடுகிறது. சாந்து, சுண்ணாம்பு எதுவும் தேவையில்லை. பலகைக்கும் பெரிய பாடில்லை: இந்தப் பக்கத்து நைஸ் (gneiss) என்னும் பாறை அடுக்கடுக்காகப் பிரியக்கூடியது. மேலே ஒரு மூடுகல், அதன்மேல் கற்குவியல், சுற்றிலும் கல்வட்டம்.

சரி, இவ்வளவு கெட்டியாக மூடியவர்கள் ஒரு பலகையில் மட்டும் ஏன் ஓட்டை போட்டார்கள்? இடுதுளை என்பார்கள். பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கும். அதை அடைக்கத் தனிக் கல் உண்டு. மூடுகல்லைத் தூக்காமலே திறக்கலாம், பின்னால் இறந்தவரின் எலும்பையும் உள்ளே சேர்க்கலாம். உள்ளே சோற்றுப் பானை, நான்கு கால் ஜாடி, வாள். ஒரு கல்லறையில் 2000க்கும் மேற்பட்ட சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள் கிடைத்தன. இது பிணத்தை ஒழித்துக்கட்டும் வேலை இல்லை. போனவரோடு கொடுக்கல் வாங்கலைத் தொடரும் ஏற்பாடு. கும்பிடுவது இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி. ஆவி வந்து சாப்பிட்டதை மண்வெட்டியால் தோண்டி எடுக்க முடியாது. அதற்கு வாசல் வைத்ததை எடுக்கலாம்.

சில கல்லறைகளுக்குப் பக்கத்தில் நெடுங்கல்லும் நிற்கிறது. குழி மண்ணுக்குள் மறைந்துவிடும், கல் மறையாது. அப்புறம் குழியே இல்லாமல் கல் மட்டும் நட்டாலும் போதும் என்றாயிற்று; இறந்த வீரருக்கு நடும் நடுகல் அப்படி வந்தது என்பார்கள்.

எங்கள் தோட்டத்து வேப்பமரத்தடியில் கன்னிமார் என்று ஏழு கல். கண், மூக்கு கிடையாது. கன்னிமார் செத்துப்போனவர்கள் இல்லைதான், ஆனாலும் ஆடியில் பொங்கல் வைக்கும்போது அம்மாயி முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கற்களைக் கழுவுவார். நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு படிகளில் மூன்றாவதும் இந்தக் கழுவல்தான். அதன் பெயர் நீர்ப்படை.