புடைத்த கால், வெளுத்த தசை

"பையனுக்கு ஆறு வயது. கெண்டைக்கால் இரண்டும் நன்றாகப் புடைத்திருக்கின்றன, ஆனால் மாடிப்படி ஏறத் திணறுகிறான். நரம்பியல் மருத்துவர் காலுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார். கருவைப் பார்க்கும் கருவி தசைநோயை எப்படிக் காட்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அடிப்படை, பள்ளியில் படித்த எதிரொலிதான். நொடிக்கு ஒரு கோடி அதிர்வுகள் கொண்ட ஒலியைக் கருவி உள்ளே அனுப்புகிறது. வலுவாகத் திரும்பும் இடம் திரையில் வெள்ளை, திரும்பாத இடம் கறுப்பு.

நலமான தசை கறுப்பாகத் தெரியும். குறுக்குவாக்கில் பார்த்தால் கறுப்பில் சிதறிய வெண்புள்ளிகள், நீளவாக்கில் பார்த்தால் சாய்ந்தோடும் மெல்லிய வெண்கோடுகள். தசைநார்க் கற்றைகளைப் போர்த்தியிருக்கும் இணைப்புத்திசு உறைகள்தாம் இவை. அடியில் எலும்பின் விளிம்பு பளிச்சென்று நிற்கும்.

இப்படிப்பட்ட சிறுவர்களிடம் மருத்துவர் சந்தேகிக்கும் டுஷேன் தசைச்சிதைவு நோயில் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் இல்லாமல் தசைநார்கள் மடிகின்றன. அந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடித்துக்கொள்கின்றன. பெற்றோர் பலம் என்று நம்பும் அந்தப் புடைப்பில் பெரும்பகுதி இதுதான். திரையில் இந்தத் தசை வெளுத்துக் கிடக்கும்.

கொழுப்பு வெள்ளை நிறம், அதனால் வெளுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதே படத்தில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு கறுப்பாகத்தான் தெரிகிறது! கொழுப்பு தனியே கறுப்பு, தசை தனியே கறுப்பு. இரண்டும் கலந்தால் வெள்ளை. என்னை மயக்குவது இந்த இடம்தான். ஒலி ஒரு பொருளுக்குள் செல்லும்போது அவ்வளவாகத் திரும்புவதில்லை. பொருள் மாறும் எல்லையில்தான் திரும்புகிறது. தசைக்கும் கொழுப்புக்கும் இடையிலான ஓர் எல்லையில் திரும்புவது சுமார் 1 சதவீத ஆற்றலே. ஆனால் நோயுற்ற தசைக்குள் அத்தகைய எல்லைகள் எண்ணற்றவை. கற்கண்டு தெளிவாக இருக்கிறது, இடித்துப் பொடித்தால் வெளுத்துவிடுகிறது அல்லவா, அதே கதைதான். மேலேயே இவ்வளவு ஒலி சிதறிப்போவதால் அடியிலிருக்கும் எலும்பின் கோடும் மங்குகிறது.

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜான் ஹெக்மாட், விக்டர் டுபோவிட்ஸ் குழுவினர் 1980-இல் இதைக் கண்டு எழுதினார்கள். 1982-இல் ஹெக்மாட் வகுத்த நான்கு படிநிலைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: முதல் படியில் தசை இயல்பு, நான்காவதில் எலும்பே தெரியாது. ஊசி குத்தாமல், கதிர்வீச்சு இல்லாமல், அம்மாவின் மடியில் உட்கார்ந்தபடியே குழந்தைக்குப் பார்த்துவிடலாம்.

வெண்மையைக் கணினியால் எண்ணாக அளக்கவும் முடியும். ஆனால் கருவிக்குக் கருவி அந்த எண் மாறும், வயதுக்கும் ஏற்ப மாறும். ஆகவே ஒவ்வொரு மையமும் தன் கருவியில் நலமான குழந்தைகளை அளந்து வைத்திருக்க வேண்டும். இந்தச் சாதாரண வேலைக்கு நிதி ஒதுக்க யாரும் முன்வருவதில்லை என்பது என் ஆதங்கம். புதுக் கருவி வாங்குவதைவிட இதுவே முதலில் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்நோய்க்கு ஜாதக தோஷத்தையும் தாயையும் பழிப்பது கொடுமை. நோயுற்ற சிறுவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மரபணுப் பிழை புதிதாகவே தோன்றுகிறது, தாயிடம் அது இருப்பதே இல்லை. இருந்தாலும் அது அவர் செய்த குற்றமா?

மூன்று வயதுக்குள் படம் இயல்பாகவே தெரியக்கூடும், கொழுப்பு சேர அவ்வளவு காலம் ஆகியிருக்காது. அந்த வயதில் சந்தேகம் வந்தால் ரத்தத்தில் சிகே (கிரியாட்டின் கைனேஸ், சிதையும் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதி) அளவையும் மரபணுவையும் பார்த்துவிடுங்கள். சிகே பிறந்ததிலிருந்தே பல மடங்கு உயர்ந்திருக்கும்.