அகத்திக்கீரையின் கசப்பும் ஒரு சிட்டிகை உப்பும்

"அகத்திக்கீரைப் பால்கறியில் உப்பு குறைந்தால் கசப்பு தூக்கலாகத் தெரிகிறது. உப்பு சரியாக விழுந்துவிட்டால் கசப்பு அடங்குவதோடு, தேங்காய்ப்பாலின் இனிப்பும் மேலே வருகிறது. இது ஏன்?" என்று பட்டர்வொர்த்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அடுப்படியில் நின்று கவனித்துக் கேட்கப்பட்ட இக்கேள்விக்கு அறிவியலில் தெளிவான விடை இருக்கிறது.

மலாய்க்காரர்கள் 'துரி' என்று அழைக்கும் அகத்தி, அவரை, துவரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். ஏகாதசி விரதம் இருப்பவர்கள் மறுநாள் துவாதசியன்று இக்கீரையோடு விரதத்தை முடிப்பது நம் வழக்கம். இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய உணவு அட்டவணை, 100 கிராம் அகத்திக்கீரையில் 1,130 மில்லிகிராம் கால்சியமும் 169 மில்லிகிராம் வைட்டமின் சியும் இருப்பதாகக் குறிப்பிடுகிறது. இலையில் இருக்கும் கால்சியம் முழுவதும் உடலில் சேர்ந்துவிடாது. கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சலேட் என்ற பொருள் மிகுந்த ஸ்பினாச் கீரையின் கால்சியத்தில் சுமார் 5 விழுக்காடே உடலில் சேர்கிறது என்று அளந்திருக்கிறார்கள். ஆகவே எந்தக் கீரையையும் அட்டவணை எண்ணை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது.

அகத்தியின் கசப்புக்குக் காரணமான பொருள்களில் சப்போனின்கள் முக்கியமானவை. பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை பொங்குவதும் சப்போனின்களால்தான். இந்த மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை கொழுப்பை நாடும்.

இனி நாக்குக்கு வருவோம். சுவை மூலக்கூறு வந்து பொருந்தும் புரதத்தை ஏற்பி என்பார்கள். இனிப்பை உணர நம்மிடம் முதன்மையாக ஒரே வகை ஏற்பிதான் உண்டு. கசப்புக்கோ ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. தாவர நஞ்சுகளில் பல கசப்பானவை என்பதால், பல்லாயிரம் கசப்புப் பொருள்களை இந்தச் சில ஏற்பிகளைக் கொண்டே அடையாளம் காணும்படி நாக்கு அமைந்திருக்கிறது. சர்க்கரையை உணரத் தேவைப்படும் செறிவில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே மலேரியா மருந்தான கொய்னாவின் கசப்பு தெரிந்துவிடும். கசப்பு மூலக்கூறு எச்சிலில் கரைந்து ஏற்பியில் பொருந்தியவுடன், சுவைச் செல்லுக்குள் இருக்கும் கஸ்ட்டூசின் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது ஒரு நொதியைத் தூண்ட, செல்லினுள் சேமித்து வைக்கப்பட்டிருந்த கால்சியம் சேமிப்பறையை விட்டுச் செல்லுக்குள்ளேயே பாய்கிறது. அந்தக் கால்சியத்தால் செல்சவ்வில் ஒரு வாயில் திறக்கிறது, சோடியம் உள்ளே நுழைகிறது, செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது, செய்தியைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறுகள் வெளியேறி நரம்பைத் தட்டுகின்றன. ஒரு வாய்க் கீரையை மென்று முகம் சுளிப்பதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடுகிறது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உப்பின் வேலை இந்தச் சங்கிலியின் தொடக்கத்தில், நாக்கிலேயே நடக்கிறது. சோடியம் இருக்கும்போது பல கசப்புப் பொருள்களின் செய்தி வலுவிழந்தே நரம்புக்குச் சென்று சேர்கிறது. 1997-இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லினும் போஷாம்பும் இதை 'நேச்சர்' இதழில் அழகாக விளக்கினார்கள். கசப்பான யூரியாவையும் சர்க்கரையையும் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கும். அக்கலவையில் ஒரு சோடியம் உப்பைச் சேர்த்தபோது கசப்பு தணிந்தது, அதுவரை அமுங்கியிருந்த இனிப்பு தலைதூக்கியது. வாசகி தேங்காய்ப்பாலில் உணர்ந்ததும் இதுவேதான். உப்பு இனிப்பைக் கூட்டவில்லை, இனிப்பை மறைத்துக்கொண்டிருந்த கசப்பை விலக்கியது.

கேள்வி வந்த அன்று மாலையே சந்தையில் ஒரு கட்டு அகத்தி வாங்கி, காம்பை இடக்கையில் பிடித்து வலக்கை விரல்களால் இலைகளை உருவி, வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி இரண்டு கிண்ணங்களில் எடுத்து வைத்தேன். உப்பில்லாத கிண்ணத்தில் விழுங்கிய பிறகும் அடிநாக்கில் கசப்பு தங்கியிருந்தது. ஒரு சிட்டிகை உப்பு கலந்த கிண்ணத்தில் முதலில் பாலின் இனிப்பும், அதன் பின்னரே மெல்லிய கசப்பும் தெரிந்தன. இந்தக் கீரைக்கும் தேங்காய்ப்பாலுக்கும் நல்ல பொருத்தம் உண்டு. கொழுப்பை நாடும் முனை கொண்ட சப்போனின்கள் தேங்காய்ப்பாலின் கொழுப்புத் துளிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால், எச்சிலில் கரைந்து ஏற்பியை அடைபவை குறைகின்றன. அரிசி கழுவிய நீரில் கீரையை வேகவைக்கும் பழக்கத்திலும் பொருள் இருக்கிறது. மாவுச்சத்தால் கெட்டியான நீரில் சுவை மூலக்கூறுகள் நாக்கை நோக்கி மெதுவாகவே நகரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "கசப்பு சர்க்கரையை முறிக்கும்" என்று நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கசப்பிலைச் சாறு குடிப்பவர்களை நான் அறிவேன். 2023-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்நிலையில் அந்த நம்பிக்கை ஆபத்தானது. கசப்பு என்பது ஏற்பியில் பிறக்கும் உணர்வு. இரத்தத்திலுள்ள குளுக்கோஸை அது தேடிப்போய் அழிப்பதில்லை. ஏதேனும் ஓர் இலைக்கு மருத்துவக் குணம் இருந்தால் அது அதன் குறிப்பிட்ட வேதிப்பொருளால் வருவது. அதை அளந்து நிறுவ வேண்டும். பச்சையாகவே உண்ணும் நம் உலாம் இலைகளையும் கீரைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அப்படி ஆராய இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கசப்புக்கு அஞ்சிக் கீரையை வேகவைத்துப் பிழிந்து நீரைக் கொட்டும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. கசப்போடு, நீரில் கரையும் வைட்டமின் சியும் அந்த நீரில் போய்விடுகிறது. கசப்பை நாக்கிலேயே தணிக்க வழி இருக்கும்போது இந்த இழப்பு தேவையற்றது. கொஞ்சம் நீர், ஒரு சிட்டிகை உப்பு, இறக்கும் தறுவாயில் கெட்டித் தேங்காய்ப்பால், இவ்வளவும் போதும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைப்பதால், இரண்டாவது சிட்டிகை போடும் முன் ஒரு கரண்டி எடுத்து ருசித்துப் பாருங்கள்.