கிராஸ் பேவர்: தமிழில் புல்பாவுகல்

வீட்டு முன்பக்கம் காரை நிறுத்தத் தளம் போட வேண்டும், மழைத்தண்ணீரும் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்று கேட்டால், வேலை எடுப்பவர் ‘கிராஸ் பேவர் போட்டுடலாம்’ என்பார். இது ஓட்டைகள் விட்டு வார்த்த கான்கிரீட் கல். ஓட்டைகளில் மண் நிரப்பிப் புல் வளர்ப்பார்கள். வண்டியின் பாரத்தைக் கல் தாங்கும். தண்ணீர் புல்வழியே இறங்கும்.

‘பேவ்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் ‘பவீரே’யிலிருந்து வந்தது. அடித்து இறுக்குதல், மிதித்துக் கெட்டிப்படுத்துதல் என்று பொருள். நம் கொத்தனார்கள் திமிசு போடுவது என்கிறார்களே, அதுதான்.

இந்தக் கல் பிறந்தது ஜெர்மனியில். 1961இல் ஸ்டுட்கார்ட் அருகே வண்டி நிறுத்த இடம் போதாமல், கட்டடம் கட்டும் பொள்ளல் கற்களை (ஹாலோ பிளாக்) தரைமட்டத்துக்கு மண்ணில் பதித்து, துளைகளில் புல் வளரவிட்டார்கள். பிறகு இதற்கென்றே தனிக் கல் வார்த்தார்கள். ஜெர்மானியர் இதை ‘ராசன்கிட்டர்ஷ்டைன்’ என்கிறார்கள்: புல்தரை, கிராதி, கல் மூன்றும் சேர்ந்த பெயர்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘புல் ஓடு’ என்றால் கூரை நினைவுக்கு வரும். ‘புல்தளம்’ என்றால் கல் காணாமல் போகும். நம்மிடம் ‘பாவு’ என்ற அருமையான வினை இருக்கிறது. கோயில் பிராகாரத்தில் கல் பாவியிருக்கிறது என்கிறோம். வயலில் நாற்றுப் பாவுகிறோம். கல்லைப் பரப்புவதற்கும் விதையைப் பரப்புவதற்கும் ஒரே சொல்! கல்லும் பச்சையும் கலந்த இந்தத் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகையாகப் பாவுகல். புல்லோடு சேர்ந்தால் புல்பாவுகல். போட்டு முடித்த இடம் புல்பாவு தளம். ‘பேவ்’, ‘பாவு’ ஒலி ஒற்றுமை தற்செயல்தான்; உறவு தேட வேண்டாம்.

பெயர் சரியாக இருந்து வேலை தப்பானால் பயனில்லை. பல வீடுகளில் அடியில் சிமென்ட் கான்கிரீட் போட்டு அதன்மேல் இந்தக் கல்லை வைத்துவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீர் எங்கே போகும்? வேரும் இறங்க இடமில்லாமல் புல் முதல் கோடையிலேயே கருகிவிடும். மண்ணைத் தோண்டி, ஜல்லி பரப்பி, அதைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே மணல் விரித்துக் கல்லை அடுக்க வேண்டும். களிமண் நிலமென்றால் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அது தங்கி இறங்க ஜல்லி அடுக்கு இன்னும் தடிமனாக வேண்டும். துளைக்குள் போடும் மண்ணை மட்டும் திமிசால் அடிக்கக் கூடாது. கல்லின் விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே மண்ணை நிறுத்தினால், டயர் ஏறினாலும் புல்லின் குருத்து நசுங்காது.

நல்ல வெயில் விழும் இடத்துக்கு அருகம்புல் போதும். கார் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் வீடென்றால் அதன் அடியில் புல் பிழைக்காது. அந்தப் பகுதித் துளைகளில் மட்டும் பொடி ஜல்லியை நிரப்பிவிடுங்கள், தண்ணீர் இறங்குவது நிற்காது.