ஆண்மைக்குறைவுக்கு ஸ்டெம் செல் ஊசியா? காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

'மாதம் ஒருமுறை இந்த லாட்ஜில் டாக்டர் வருகிறார்' என்ற நோட்டீஸ் வடஆற்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. அன்று லேகியம் விற்றார்கள், இன்று ஸ்டெம் செல் ஊசி என்கிறார்கள். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். வெட்கப்பட்டு யாரிடமும் கேட்காமல் போகிறவர்தான் இவர்களுக்குக் கிராக்கி.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிமுறைப்படி, ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று வகை ஸ்டெம் செல் சிகிச்சைகள்தான் ஏற்கப்பட்டவை. வேலூர் சிஎம்சியில் 1986 முதல் நடப்பது அதுதான். அதன் பாகாயம் வளாகத்தில் ஸ்டெம் செல் ஆய்வு மையமே இருக்கிறது. அதைக் காட்டி, 'வேலூரிலேயே செய்கிறார்களே' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆண்மைக்குறைவுக்கு இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

ஆய்வு என்றால் அதற்கும் விதி உண்டு. ஆய்வு முறையாக நடக்குமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சிடிஆர்ஐ என்னும் அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். முக்கியமானது, ஆய்வு ஊசிக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச வைத்தியமும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள். ஆக, 'ஆய்வு' என்று சொல்லிக்கொண்டே லட்சக்கணக்கில் பில் போட்டால் அது ஆய்வே இல்லை.

ஆண்மையைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

உண்மையில் நாற்பது வயதுக்கு மேல் இந்தக் குறை பெரும்பாலும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகை இவற்றின் கைவரிசை. இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டு, முதலில் சர்க்கரையையும் பிரஷரையும் பாருங்கள். மாத்திரையும் டாக்டர் எழுதித் தந்தால் மட்டும்தான். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர் ஆண்மைக்குறைவு மாத்திரையான சில்டெனாஃபில் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? மருத்துவமனை மீதான புகாரை மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் எழுதிக் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில், நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் வந்த உறுதிமொழி எதையும் அழித்துவிடாதீர்கள். வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று பலர் முதலில் அழிப்பது அவற்றைத்தான்.