ஏர்ஷிப் முதுகில் வெயில் பிடிக்கும் கலை

தரையிலிருந்து 20 கிலோமீட்டர் மேலே மேகம் மறைக்காது, தூசி கிடையாது. இங்கே உச்சி வெயிலில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் விழுகிறதென்றால் அங்கே 1300 வாட்டை ஒட்டி விழும். அப்புறம் என்ன, ஏர்ஷிப்பின் (ஹீலியம் நிரப்பிய, மோட்டாரால் நகரும் நீளமான ராட்சத பலூன்) முதுகு முழுக்க சோலார் பேனலை ஒட்டிவிட்டால் அது மாதக்கணக்கில் அங்கேயே நிற்காதா?

நிற்காது. முதல் வில்லன் எடை. தரையருகே ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும். அந்த உயரத்தில் காற்று அவ்வளவு மெலிது என்பதால் அதே ஒரு கன மீட்டர் 80 கிராம்கூடத் தூக்காது. ஒரு கிலோ பேனலைக் கூடுதலாக ஏற்றினால் 13 கன மீட்டர் ஹீலியம் வேண்டும், அதற்குப் பெரிய பை வேண்டும், பெரிய பையைக் காற்றுக்கு எதிராகப் பிடித்து நிறுத்தப் பெரிய மோட்டார் வேண்டும், அந்த மோட்டாருக்கு மறுபடியும் பேனல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அமெரிக்காவில் லாக்ஹீட் மார்ட்டின் 2011-ல் பறக்கவிட்ட சோதனை ஏர்ஷிப் 70 மீட்டருக்கும் மேல் நீளம், ஆனால் அதன் பேனல்கள் வெறும் 15 கிலோவாட். நம்மூரில் ஐந்து வீட்டு மொட்டை மாடி சோலார் அவ்வளவு தரும்.

ஆகவே ஒட்டிய பேனலிலிருந்து எவ்வளவு கறக்கலாம் என்பதே கேள்வி. ஏர்ஷிப்பின் முதுகு வளைவானது. காலையில் கிழக்குப் பக்கச் செல்களில் (பேனலில் மின்சாரம் தரும் சிறு துண்டுகள்) வெயில் நேராக விழும்போது மேற்குப் பக்கம் நிழலில் கிடக்கும். செல்களைத் தொடராக இணைத்தால் அதில் மிகக் குறைவாக வெயில் வாங்கும் செல்தான் மொத்த வரிசையின் மின்னோட்டத்தையும் முடிவு செய்கிறது, ஒரு சோம்பேறி மாடு கூட்டு வண்டியையே தாமதப்படுத்துவதுபோல. அதனால் வளைவுக்குக் குறுக்கே இணைக்காமல், மூக்கிலிருந்து வால் நோக்கி நீளவாக்கில் இணைக்கிறார்கள். ஒரே வரிசையில் இருப்பவை ஏறக்குறைய ஒரே கோணத்தில் வெயில் வாங்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து அதனதன் உச்சத் திறனில் ஓடவிடலாம். எடையே கூட்டாமல் கிடைக்கும் லாபம் என்பதால் எனக்கு இதுதான் மிகவும் பிடித்த தந்திரம் (சரி, கருவிகளுக்குக் கொஞ்சம் எடை உண்டு).

ஏர்ஷிப்பையே சூரியனுக்குத் திருப்பினால்? மூக்கு காற்றை எதிர்த்து நிற்க வேண்டும், காற்று வேகம் இரட்டித்தால் தேவைப்படும் மோட்டார் திறன் எட்டு மடங்காகும். காற்று லேசான நேரத்தில் மட்டும் பக்கவாட்டைக் காட்டலாம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனமான தாலஸ் அலேனியா ஸ்பேஸின் ஸ்ட்ராட்டோபஸ் என்ற ஏர்ஷிப் வடிவமைப்பில், உடலைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, உடலை அதன் அச்சிலேயே உருட்டிச் சூரியனைத் தொடரலாம் என்று யோசித்தார்கள்.

அப்புறம் சூடு. வெளியே மைனஸ் 56 டிகிரி என்றாலும் மெலிந்த காற்றால் சூட்டை அள்ளிச் செல்ல முடியாது. சிலிக்கான் செல் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் திறனில் சுமார் 0.4 சதவீதம் இழக்கும். அந்தச் சூடு கீழே ஹீலியத்துக்குள் இறங்கினால் வாயு விரிந்து பையின் துணியை இழுக்கும். இடையே வெப்பம் கடத்தாத மெல்லிய படலம் வைத்தால் ஹீலியம் தப்பிக்கும், ஆனால் செல் இன்னும் கொதிக்கும்.